மாற்று வேட்பாளர்

முத்திரை இடது பக்கம் சாய்ந்திருந்தது. வக்கீல் தவமணி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், சாய்ந்துதான் இருந்தது. வைரவனூர் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் ஒரு மர பெஞ்சு, எதிரே அறிவிப்புப் பலகை, பலகையில் குண்டூசி குத்தி மாட்டியிருந்த ஜெயவீரனின் பிரமாணப் பத்திரம், அதன் கடைசிப் பக்கத்தில் ஊதா மையில் வட்டமாக ஒரு நோட்டரி முத்திரை. தன் சொத்து என்ன, வழக்கு என்ன, படிப்பு என்ன என்று சத்தியம் செய்து வேட்புமனுவோடு கொடுக்கிற பத்திரம் அது. ஊரார் பார்க்கட்டும் என்று உடனே ஒரு நகலைப் பலகையில் மாட்டிவிடுவார்கள். ஊரார் யாரும் பார்ப்பதில்லை. தவமணி பார்த்தார். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் பழகிய கண் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முதலில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகும். அந்தச் சாய்வு யாருடைய கைச் சாய்வு என்று அவருக்குத் தெரியும். கோர்ட் வாசலில் புங்க மரத்தடியில் மேஜை போட்டிருக்கிற நோட்டரி சற்குணத்தின் கை. கொஞ்சம் நடுங்கும், நடுக்கம் தெரியக்கூடாதென்று ஒரே அமுக்காக அமுக்குவார், முத்திரை சாய்ந்துவிடும். சற்குணத்தின் நோட்டரி உரிமம் ஜனவரி முப்பத்தொன்றாம் தேதியோடு காலாவதி. இன்றைக்கு மார்ச் இருபத்தைந்து. உரிமம் இல்லாத நோட்டரியின் முன்னால் செய்த சத்தியம் சத்தியமே இல்லை, வெறும் காகிதம். அந்தக் காகிதத்தோடு வந்த வேட்புமனு, நாளைக் காலைப் பரிசீலனையில் யாராவது ஒருவர் எழுந்து நின்று சொன்னால், போச்சு. இது இந்த வராந்தாவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். சுவரில் மணி ஒன்று இருபத்தைந்து. மனு வாங்குவது மூன்று மணியோடு முடிகிறது.

மூன்று மணிக்குள் வேறு பத்திரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் வேடிக்கை. ஜெயவீரனுக்கு ஒரு போன். கோர்ட்டில் இன்னும் இரண்டு நோட்டரிகள் இருக்கிறார்கள், பத்து நிமிஷ வேலை. இதற்காகத்தானே இவரை இங்கே உட்கார வைத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக அந்தக் கூட்டம் கல்யாண மண்டபத்துக்குச் சாப்பிடப் போயிருக்கிறது. "சட்டம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் மூணு மணி வரைக்கும் இங்கன இருக்கணும்ணே. அதிகாரி ஏதாச்சும் கேட்டாங்கன்னா பாத்துக்கங்க. உங்களை விட்டா எனக்கு யாரு?" என்று ஜெயவீரன் இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவன் கை சந்தனமாக இருந்தது. இவர் கைக்கும் சந்தனம் ஒட்டிக்கொண்டது. உங்களை விட்டா எனக்கு யாரு. விடத்தான் போகிறேன் என்று தவமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டார். சொன்னதும் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இரண்டு வாரமாக எரிந்துகொண்டிருந்த வயிறு. இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, கோர்ட்டில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நாட்காட்டி ஒன்று, அதில் இன்றைய நல்ல நேரத்தை யாரோ சிவப்புப் பேனாவில் சுழித்திருந்தார்கள். ஜெயவீரனின் ஜோசியர் கடைசி நாள், பதினொன்றே முக்கால் என்று குறித்துக் கொடுத்திருந்தார். எல்லா வேட்பாளரும் பயத்துக்கு இரண்டு மூன்று செட் மனு போடுவார்கள். இவனுக்கு ஒன்றே ஒன்று, ஒரே பத்திரம், ஒரே நேரம். இரண்டாவது செட் போட்டால் முதல் செட் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம். சொன்ன ஜோசியருக்கு வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும் என்று தவமணி நினைத்துக்கொண்டார்.

வெடிதான் அவரால் மறக்க முடியாதது. சீட்டு போனதைக் கூட ஒரு மாதிரி விழுங்கியிருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் வேட்பாளர் பட்டியல் வருகிறதென்று அவர் வீட்டு முன்னறையில் முப்பது பேர் இருந்தார்கள், டிவி முன்னால். வாசலில் பத்தாயிரம் வாலா சரம் ஒன்று, அதுவும் இவரே ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. 'வருங்கால சட்டமன்ற உறுப்பினர்' என்று அச்சடித்த ஃப்ளெக்ஸ் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, மனைவி கோமதி தினமும் பெருக்கும்போது அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்குகிறாள். டிவியில் தொகுதிப் பெயர்கள் வரிசையாக ஓடின. வைரவனூர் வந்தது. ஜெயவீரன் என்று வந்தது. ஒருவன் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஒருவனுக்கு மோட்டார் போடணும் என்று ஞாபகம் வந்தது. வாசலில் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டது, அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் அறையில் தவமணியும் கோமதியும் காலி நாற்காலிகளும். அப்புறம் இரண்டு தெரு தள்ளி வெடிச் சத்தம். நிற்காமல் வெடித்தது. தவமணி எழுந்து வாசலுக்குப் போனார். சரத்தைக் காணோம். அவர் வாங்கிய சரம், ஜெயவீரன் வீட்டு வாசலில், அவர் வீட்டில் அப்போதுதான் காபி குடித்துவிட்டுப் போன கைகளால் கொளுத்தப்பட்டு, வெடித்துக்கொண்டிருந்தது. முழுவதும் கேட்டார். ஒரு வெடி கூட நமுத்துப் போகவில்லை. நல்ல சரக்கு. அதை நினைத்தால் இப்போதும் காது அடைக்கிறது, பல்லைக் கடிக்கிறார், கடைவாய்ப் பல் வலிக்கிறது.

இருபத்தேழு வருஷம். எத்தனை மறியல், எத்தனை உருவ பொம்மை எரிப்பு, எத்தனை பேரை ரிமாண்டுக்குப் போகாமல் ஜாமீனில் எடுத்திருப்பார், ஒரு வக்காலத்துக்காவது பீஸ் கேட்டிருப்பாரா. ஜெயவீரன் கட்சிக்கு வந்து எட்டு மாசம். அதற்கு முன்னால் அவன் கல்குவாரிக்காரன், அவ்வளவுதான். குவாரியில் ஒரு ஆள் செத்துப் போனபோது ராத்திரியோடு ராத்திரியாக இவரிடம் ஓடிவந்து காலைப் பிடித்தவன். இவர்தான் முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். இவர்தான் கட்சியிலும் சேரச் சொன்னார், ஒரு பாதுகாப்பா இருக்கும் வீரா என்று. தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். சென்னையில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். விருப்ப மனு கொடுத்த பதினோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட நிற்கிற மாதிரி. தவமணி தொகுதியைப் பற்றி இருபத்தாறு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தார். எந்தக் கண்மாய் எப்போது உடைந்தது, எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ், முருங்கைக்குக் குளிர்பதனக் கிடங்கு ஏன் வேண்டும், எல்லாம். தலைவர் அவரைப் பார்த்து, "வக்கீல்தானே? வழக்கறிஞர் அணியைப் பாத்துக்குங்க," என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் இருபத்தாறு பக்கத்தை வாங்கி மேஜையில் வைத்தார், வைத்து அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். தவமணி வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தார். டம்ளரை எடுத்துவிட்டார்கள், முதல் பக்கத்தில் 'வைரவனூர்' என்ற எழுத்தைச் சுற்றி வட்டமாக டீக்கறை. அந்த வட்டமும் இந்த வட்டமும். பலகையைப் பார்த்தார். முத்திரை அங்கேயே இருந்தது. போன வாரம் பஸ் நிலையத்துப் பொதுக்கூட்டத்தில் ஜெயவீரன் பேசினான்: முருங்கைக்குக் குளிர்பதனக் கிடங்கு அமைப்பேன். கூட்டம் கைதட்டியது. தவமணியும் மேடையில் உட்கார்ந்து கைதட்டினார். தட்டாவிட்டால் போட்டோவில் தெரியும்.

"சார், டீ சொல்லவா?" அலுவலக உதவியாளர் பாண்டியம்மாள் கையில் குண்டூசி டப்பாவோடு நின்றாள். வேண்டாம்மா என்றார். "உங்க பேப்பரும் ஒட்டணும் சார், ஜெராக்ஸ் மிஷின்ல பேப்பர் சிக்கிக்கிச்சு. ஆள் வந்து கழட்டிக்கிட்டு இருக்கான். வந்ததும் மாட்டிர்றேன்." மெதுவா செய்ம்மா, டம்மி பேப்பர்தானே, என்ன அவசரம் என்றார் தவமணி. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். டம்மி. அதுதான் அவருக்குக் கொடுத்த மரியாதை. பட்டியல் வந்த மறுநாள் காலை ஜெயவீரன் சால்வையோடு வந்தான், போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு. காலில் விழுந்தான். எழுந்தான். போட்டோ சரியாக விழவில்லையென்று மறுபடி விழுந்தான். "அண்ணே, மாற்று வேட்பாளரா நீங்கதாண்ணே நிக்கணும். மாவட்டத்துல எல்லாரும் பொண்டாட்டியப் போடுங்கிறாக. நாந்தான் எங்க வக்கீல் அண்ணன்தான்னு ஒத்தக்கால்ல நின்னேன்," என்றான். மாற்று வேட்பாளர் என்றால் அசல் வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் அந்த இடத்துக்கு வருகிறவர். தள்ளுபடி ஆகாது, ஆகாத வரைக்கும் அவர் யாருமில்லை, இரண்டாம் நாளே வாபஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவர். பொண்டாட்டிக்குக் கொடுக்கிற இடம். கோமதி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் தவமணிக்கு அவமானமாக இருந்தது. போன திங்கட்கிழமை காகிதக் கட்டைக் கொண்டுவந்தார்கள். எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வைக்கிற மாதிரி. "நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்ணே, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுறோம்," என்றான் கொண்டுவந்தவன். தவமணி எழுத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவன் வாங்கிக்கொண்டு போனபின் கோமதி, "ஊருக்கெல்லாம் படிக்காம கையெழுத்துப் போடாதேன்னு சொல்லுவீக," என்றாள். "அதைப் படிச்சு வேற பாக்கணுமாக்கும்," என்று எரிந்து விழுந்தார். படிக்கவில்லை. இன்று காலை உறையைக்கூடப் பிரிக்காமல் நீட்டினார், அதிகாரி சொல்லச் சொல்ல உறுதிமொழியைச் சொன்னார், மூக்கு நுனியில் வேர்வை, துடைக்கவில்லை.

ஆனால் இப்போது. தவமணி கால் மேல் கால் போட்டுக்கொண்டார். இப்போது அசல் தள்ளுபடியானால் மாற்றுதான் அசல். சின்னம் இவருக்கு. ஃப்ளெக்ஸ் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். செருப்புத் தேடிப்போன முப்பது பேரும் அதே செருப்போடு திரும்பி வருவார்கள், வரட்டும், வாசலிலேயே நிற்க வைக்கவேண்டும், உள்ளே கூப்பிடக்கூடாது, கோமதி ஒருத்தனுக்கும் காபி கொடுக்கக்கூடாது. ஜெயவீரன் வருவான். அவன் முகம் எப்படி இருக்கும் என்று தவமணி பார்க்க முயன்றார்; முன்ஜாமீனுக்கு ஓடிவந்த ராத்திரி இருந்த முகம் வந்தது, உதடு காய்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு. அன்றைக்கு அவனைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை இப்போது உள்ளே விடக்கூடாது. சால்வை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவனுக்குப் போட. "உன்னை விட்டா எனக்கு யாரு வீரா," என்று சொல்லிப் போடவேண்டும். அதைச் சொல்லும்போது சிரிக்கக்கூடாது. தவமணி சொல்லிப் பார்த்தார், வாய்க்குள்ளேயே, சிரிப்பு வந்துவிட்டது. காவலுக்கு நின்ற ஏட்டு திரும்பிப் பார்த்தார். மணி இரண்டே கால். போன் அடித்தது. ஜெயவீரன் என்று வந்தது. எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். எடுத்தார். பின்னால் இலை போடுகிற சத்தம், யாரோ ரசம் ரசம் என்று கத்துகிறார்கள். "அண்ணே, எல்லாம் சரியா இருக்குல்ல?" தவமணி பலகையைப் பார்த்தார். இதுதான் இடம். இங்கே சொல்லிவிட்டால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. சொன்னால் அவன் ஓடிவருவான், காலில் விழுவான், போட்டோகிராபர் இல்லாமல் உண்மையிலேயே விழுவான். சாயங்காலம் மேடையில் எங்கள் வக்கீல் அண்ணன்தான் காப்பாற்றினார் என்பான். அப்புறம் ஜெயிப்பான், காரில் போவான், இவர் மறுபடியும் வழக்கறிஞர் அணியைப் பார்த்துக்கொள்வார். வெடி வெடித்தது காதுக்குள். "எல்லாம் சரியா இருக்கு தம்பி," என்றார். "நீங்க சாப்ட்டீங்களாண்ணே?" இல்லை என்று வாயில் வந்துவிட்டது. "இருங்கண்ணே, நான் கொண்டாறேன்," என்று வைத்துவிட்டான்.

சற்குணம்தான் இடித்தார். எந்தப் பக்கம் திரும்பி நினைத்தாலும் கடைசியில் அந்தப் புங்க மரத்தடிக்கு வந்து நிற்கிறது. நாளை எவனாவது எழுந்து நின்று இந்த நோட்டரிக்கு உரிமம் இல்லை என்று சொன்னால், அது ஜெயவீரனை மட்டும் அடிக்காது. சற்குணத்துக்கு அறுபத்தேழு வயது, வாதாடுவதை விட்டுப் பத்து வருஷம், ஓமப்பொடி டின்னில் போட்டு வைத்திருக்கிற அந்த முத்திரை ஒன்றுதான் பிழைப்பு. பேப்பரில் வரும், போலி நோட்டரி என்று போடுவார்கள், போலீஸ் கூட வரலாம். போலி இல்லை அவர். புதுப்பிக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார், போன கார்த்திகையிலேயே. யாரிடம் கொடுத்தார்? இங்கே வந்ததும் தவமணியின் நினைப்பு ஒரு தடவை திரும்பிக்கொண்டது, ஏட்டின் தொப்பியைப் பார்த்தது, பூந்தொட்டியைப் பார்த்தது, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. தவமணியிடம்தான் கொடுத்தார். நீங்க அடிக்கடி சென்னை போறீங்கல்லப்பா, செக்ரட்டேரியட்ல நேராக் குடுத்துருங்க, தபால்ல போட்டா எங்கயாவது தூங்கும் என்று. தவமணி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு கொடுக்கும் நாள். கூட்டம், தள்ளுமுள்ளு, வெளியே வந்து போட்டோ. தன் மனுவைக் கொடுத்தார். சற்குணத்தின் உறையை அதே பையில் அதே பக்கத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்த தடவை கொடுத்துக்கொள்ளலாம் என்று மேஜை இழுப்பறையில் போட்டார். அடுத்த தடவை நேர்காணல். அதற்கடுத்து ஒன்றுமில்லை. மாசி மாதம் ஒருநாள் புங்க மரத்தடியில் சற்குணம் கேட்டார், "தவமணி, அது போயிருச்சுல்லப்பா? தேதி முடிஞ்சிருச்சு, அதுக்கு நடுவுல சீல் போடலாம்ல?" தவமணி ஸ்கூட்டரை நிறுத்தாமலே, "போயிருச்சு சார், விண்ணப்பம் போயிட்டா போடலாம், போடுங்க," என்றார். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. இப்போதும் அந்த உறை இழுப்பறையில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில். அதனால்தான் அவருக்குத் தெரியும். அதனால்தான் அவருக்கு மட்டும் தெரியும். சற்குணம் யாரிடமும் சொல்லமாட்டார், சொன்னாலும் யார் நம்புவார்கள். வெள்ளந்தியான ஆள், ஏதோ மறந்துவிட்டார் என்பார்கள். ஜெயித்து வந்தால் சற்குணத்துக்கு ஏதாவது செய்யலாம். கட்டாயம் செய்யலாம். ஒரு சட்டமன்ற உறுப்பினரால் செய்ய முடியாததா. நாமே நேரில் கூட்டிக்கொண்டு போய் உரிமத்தை வாங்கிக் கொடுத்துவிடலாம். இப்படி நினைத்ததும் கொஞ்சம் பெருந்தன்மையாகக் கூட இருந்தது. சற்குணம் மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாற்பது. இனி போன் போட்டாலும் மண்டபத்திலிருந்து வந்து, நோட்டரியைப் பிடித்து, புதுப் பத்திரம் அடித்து, முடியாது. முடியலாம். மோட்டார் சைக்கிளில் வந்தால் முடியலாம். தவமணி போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், போடப் போகிறவர் மாதிரி, தன்னைத் தானே ஒரு முறை ஏமாற்றிக்கொள்கிற மாதிரி. வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சுயேச்சை, கழுத்தில் துணிப்பையோடு ஒரு கிழவர், ஓடிவந்து உள்ளே போனார். இரண்டு நாற்பத்தெட்டு. பயமாக இருந்தது, மாட்டிக்கொள்வோம் என்ற பயமில்லை, கடைசி நிமிஷத்தில் தான் நல்லவனாகிவிடுவோமோ என்ற பயம். இருபத்தேழு வருஷமும் அப்படித்தான் போயிற்று. கடைசி நிமிஷத்தில் விட்டுக்கொடுத்து, போனால் போகிறது என்று சொல்லி, முதுகில் தட்டு வாங்கிக்கொண்டு. இந்தத் தடவை இல்லை. முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே அதிகாரி ஏதோ சொன்னார். பாண்டியம்மாள் வந்து தேர்தல் அறைக் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மறு பக்கத்தையும் சாத்தினாள். மூன்று. ஏட்டு கேட்டில் சங்கிலியைப் போட்டார்.

தவமணி எழுந்து வராந்தா ஓரமாகப் பூந்தொட்டிகள் பக்கம் போனார். எண் அவருக்கு மனப்பாடம். அங்கயற்கண்ணி, அவரிடம் ஆறு வருஷம் ஜூனியராக இருந்தவள், இப்போது எதிர்க்கட்சி வேட்பாளருக்கு வக்கீல். "சொல்லுங்க சார்," என்றாள், பழைய மரியாதையோடு. தவமணி தாழ்ந்த குரலில் சொன்னார். சற்குணம் சார் நோட்டரி ஜனவரியோடு முடிஞ்சிருச்சு. புதுப்பிக்கலை. நாளைக்குப் பரிசீலனையில எழுத்து மூலமா ஆட்சேபணை குடு, நோட்டரி பதிவேட்டை வரவழைச்சுப் பாக்கச் சொல்லு. அவ்வளவுதான், மனு நிக்காது. "நீங்களா சார் இதச் சொல்றீங்க?" என்றாள். "நான் சொன்னதா இருக்கக்கூடாது," என்றார். "சரி சார்." அவள் குரலில் நன்றி இல்லை, என்னவோ இருந்தது, அது என்ன என்று யோசிக்கத் தவமணி நிற்கவில்லை. "சற்குணம் சார் முத்திரை இருக்கிற எந்த மனுவா இருந்தாலும் ஆட்சேபணை குடுத்துர்றேன் சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள். முடிந்தது. தவமணிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, இரண்டு வாரத்துக்கப்புறம் முதல் தடவையாகப் பசித்தது. எந்த மனுவா இருந்தாலும் என்கிறாள், வேலை தெரிந்த பெண், நாம் பழக்கியவள்.

"சார், உங்களுதும் வந்துருச்சு," என்றாள் பாண்டியம்மாள். அவள் கையில் சூடாறாத ஜெராக்ஸ் தாள்கள். ஜெயவீரனுடையதற்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குத்தினாள். தவமணி நிதானமாக நடந்து வந்தார். தன் பெயரை முதல் பக்கத்தில் பார்த்தார். தவமணி, தகப்பனார் பெயர், கட்சியின் பெயர், தொகுதி வைரவனூர். நன்றாக இருந்தது. பெயருக்கு ஒரு எடுப்பு வந்திருந்தது. பழக்கம் போகாத கண் அங்கே நிற்காமல் கடைசிப் பக்கத்துக்குப் போனது. பென்சில் புள்ளி நகலிலும் விழுந்திருந்தது. புள்ளியின் மேல் அவர் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே வட்டம். இடது பக்கம் சாய்ந்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். பாண்டியம்மாள் கடைசிக் குண்டூசியைக் கட்டை விரலால் அமுக்கிவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். தவமணியின் கை போனுக்குப் போனது, பாதியில் நின்றது. என்ன சொல்வது? ஒன்றை மட்டும் எடுத்துச் சொல், மற்றதை விட்டுவிடு என்றா? கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. கேட்டில் சங்கிலி கிடந்தது. இரண்டு மனுவும் போனால் சின்னமே இல்லை, கட்சிக்கு இந்தத் தொகுதியில் ஆளே இல்லை. ஊர் முழுக்க ஒரே கேள்விதான் கேட்கும், மூன்று மணி வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. இழுப்பறை. கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில். போயிருச்சு சார், போடுங்க.

ஏட்டு சங்கிலியைத் தளர்த்தி யாரையோ உள்ளே விட்டார். ஜெயவீரன். மாலையைக் கழற்றியிருந்தான், நெற்றியில் சந்தனம் வேர்வையில் கரைந்திருந்தது, கையில் எவர்சில்வர் தூக்குவாளி. தனியாக வந்திருந்தான். "பந்தியில இருந்து நானே எடுத்து வச்சு வாங்கியாந்தேண்ணே," என்றான். பலகையில் இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "ரெண்டும் ஒண்ணா மாட்டிட்டாகளா? நம்ம பயலுக வேற நோட்டரிகிட்டத்தான் போவோம்னாங்கெ. நாந்தான் சொன்னேன், அன்னைக்கு முன்ஜாமீனுக்கு அண்ணன் சற்குணம் சார்கிட்டத்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாரு, கைராசிக்காரர்னு சொன்னாரு, ரெண்டு பேருக்கும் அவர்கிட்டத்தான் போடணும்னு." தூக்குவாளியின் மூடியைத் திறந்து பெஞ்சின் மேல் வைத்தான். தவமணி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கையில் காலையில் ஒட்டிய சந்தனம் இன்னும் காய்ந்து கிடந்தது. "மூணு மணி வரைக்கும் பட்டினி கிடந்து பாத்துக்கிட்டீங்கண்ணே," என்றான் ஜெயவீரன். "சாப்பிடுங்க, ஆறிரப் போகுது."